எலெக்ட்ரிக் ஸ்மோக்கரில் வீட்டு சாசேஜ்: எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம், பிங்க் சால்ட் கட்டாயமா?

பெரியகுளத்தான்:
வணக்கம். டாலஸ் பக்கம் இருக்கிறேன். 800 வாட் எலெக்ட்ரிக் ஸ்மோக்கர் ஒன்று வாங்கி கோழியும் விலாவும் செய்து பழகியாச்சு, இனி சாசேஜ் போடணும். கடையில் வாங்கிச் சூடுகாட்டுவதில்லை, இறைச்சியை நானே அரைத்து, குடலில் அடைத்து, புகை போட்டு எடுக்கணும். யூட்யூபில் ஒருவர் 225 ஃபாரன்ஹீட்டில் வை, ரெண்டு மணி நேரத்தில் முடிஞ்சுடும் என்கிறார். இன்னொருவர் 130இல் ஆரம்பித்து மெதுவா ஏத்து, சாயங்காலம் வரை ஆகும் என்கிறார். மூன்றாவது ஆள் பிங்க் சால்ட் இல்லாமல் பக்கத்திலேயே போகாதே என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? பன்றித் தோள் ஃப்ரிட்ஜில் இருக்கு, சனிக்கிழமை செய்யலாம்னு இருக்கேன்.

ஆஸ்டின்காரர்:
முதல் இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள் தம்பி, ஆனால் அவர்கள் செய்வது வேறு வேறு சாசேஜ். இனி நான் சொல்லும் டிகிரி எல்லாம் செல்சியஸ்.

225 ஃபாரன்ஹீட் என்பது 107 டிகிரி. அது டெக்சஸ் பார்பிக்யூ வழி. ஆஸ்டினிலிருந்து ஹூஸ்டன் போகும் 290 சாலையில் எல்கின் என்று ஒரு ஊர் வரும். அங்கே சவுத்சைடு மார்க்கெட் என்ற கடை 1882இலிருந்து இருக்கிறது, அதன் மாட்டிறைச்சி சாசேஜுக்கு ஊரே பேர்போனது. 1995இல் டெக்சஸ் சட்டமன்றம் எல்கினை மாநிலத்தின் சாசேஜ் தலைநகரம் என்றே அறிவித்தது. இந்தப் பகுதிக்கு 19ஆம் நூற்றாண்டில் வந்து குடியேறிய ஜெர்மானியர்களும் செக் மக்களும் கொண்டுவந்த கைவேலை அது. அந்த வழியில் சூடு அதிகம், நேரம் குறைவு, இறக்கியதும் சாப்பிட வேண்டும், கடித்தால் கொழுப்பு வழியும்.

130 ஃபாரன்ஹீட் ஆள் சொல்வது கில்பாசா என்ற போலந்து சாசேஜ் மாதிரியான வகை. 54 டிகிரியில் தொடங்கி மெல்ல உலர்த்தி, புகையூட்டி, வேகவைத்து, ஆறவைத்து, மறுநாள் வெட்டும்போது துண்டு துண்டாக நிற்க வேண்டிய சாசேஜ். எலெக்ட்ரிக் ஸ்மோக்கருக்குப் பொருத்தம் இதுதான். கரி அடுப்பில் 60 டிகிரியைப் பிடித்து வைப்பது பெரிய பாடு, உங்கள் பெட்டியில் பட்டனைத் தட்டினால் போதும். அதனால் இதையே செய்யுங்கள்.

எலெக்ட்ரிக் ஸ்மோக்கர் வாங்கியவர்கள் எல்லாரும் புகை, புகை என்று அதையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சாசேஜைப் பொறுத்தவரை புகை கடைசிக் கவலை. முதலில் மேல்தோல் உலர வேண்டும், அப்புறம் பெட்டியின் சூடு 77 டிகிரியைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் புகை தானாகப் பிடிக்கும். இரண்டில் ஒன்று தவறினாலும் எவ்வளவு நல்ல மரத்தைப் போட்டாலும் பலன் இல்லை.

பெரியகுளத்தான்:
நன்றி அண்ணா. தோல் உலர்வது ஏன் அவ்வளவு முக்கியம்? ஈரமாக இருந்தால்தான் புகை நன்றாக ஒட்டும் என்று எங்கோ படித்தேன்.

ஆஸ்டின்காரர்:
லேசான பிசுபிசுப்பு வேண்டும், ஈரம் கூடாது. தண்ணீர் நிற்கும் தோலில் புகை பட்டால் அது கரைந்து வழிந்து கறுப்புக் கோடாக இறங்கும், நாக்கில் வைத்தால் கசக்கும். அடைத்து முடித்த சாசேஜைத் தொட்டால் விரல் நழுவும். அதை ஒரு மணி நேரம் 54 டிகிரியில், புகை போடாமல், மேல் துவாரத்தை முழுசாகத் திறந்து வைத்துத் தொங்கவிடுங்கள். கதவைத் திறந்து விரலால் தொட்டுப் பார்த்தால் காகிதம் உரசும் உணர்வு வரும், ஈரம் ஒட்டாது. அந்த நேரத்தில்தான் புகை. ஈரமான நாளாக இருந்தால் இன்னும் அரை மணி நேரம் பிடிக்கும், மணியைப் பார்க்காமல் விரலை நம்புங்கள்.

பெட்டியோடு வந்த தண்ணீர்த் தட்டு இருக்கிறதே, சாசேஜ் நாளில் அதில் தண்ணீர் ஊற்றாதீர்கள். விலாவுக்கு நல்லது, இதற்குக் கெடுதல். மேல் துவாரத்தைப் பாதி மூடினால் புகை உள்ளேயே நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். நிற்கும்தான், கூடவே நீராவியும் நின்று மேல்தட்டில் குளிர்ந்து சாசேஜ் மேல் சொட்டும்.

வடலி:
டொரன்டோவில இருந்து எழுதுகிறேன். ரொன்செஸ்வால்ஸ் பக்கம் போலந்துக்காரருடைய கடைகளில் தொங்கும் சாசேஜைப் பார்த்துத்தான் எனக்கும் இந்த ஆசை வந்தது. அண்ணை, என்னுடைய பெட்டியில் வேறு பிரச்சினை. 60 டிகிரியில் வைத்தால் புகையே வருகுதில்லை. மரச்சீவலைத் தட்டில் போட்டால் அப்படியே பச்சையாகக் கிடக்குது. சூட்டைக் கூட்டினால் புகை வருது, ஆனால் கொழுப்பு உருகி ஓடுது. என்ன செய்கிறது?

ஆஸ்டின்காரர்:
பெட்டியில் பழுது எதுவும் இல்லை தங்கச்சி, அது வேலை செய்யும் விதமே அப்படித்தான். சீவல் தட்டு சூடாவது கீழே இருக்கும் கம்பிச்சுருள் எரியும்போது மட்டும். 110 டிகிரியில் வைத்தால் சுருள் அடிக்கடி எரியும், சீவல் கனன்றுகொண்டே இருக்கும். 60இல் வைத்தால், வேண்டிய சூடு வந்ததும் தெர்மோஸ்டாட் சுருளை அணைத்துவிடுகிறது, அப்புறம் வெகு நேரம் எரிய விடுவதில்லை. சீவல் கருகுவதற்கு வேண்டிய சூடு அதற்குக் கிடைப்பதே இல்லை.

தீர்வு, புகையையும் சூட்டையும் பிரித்துவிடுவது. ஓட்டை போட்ட உலோகக் குழாய் ஒன்று விற்கிறார்கள், அதில் மரத்தூளை அழுத்திச் செய்த பெல்லட்டை நிரப்பி, ஒரு முனையில் கேஸ் டார்ச்சால் பற்றவைத்து, சில நிமிடம் எரியவிட்டு ஊதி அணைத்தால் கனன்றுகொண்டே மணிக்கணக்கில் மெல்லிய புகை தரும். பெட்டியின் அடியில் ஒரு ஓரமாக வைத்துவிடலாம், சுருள் எரிந்தாலும் எரியாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை. வெள்ளையாகக் கெட்டியாகப் புகை வந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம், துவாரத்தைப் பாருங்கள். மெல்லிசாக, லேசான நீலமாக வரும் புகைதான் நல்லது.

மரச்சீவலை ஊறவைக்கவும் வேண்டாம். அந்தத் தண்ணீர் ஆவியாகும் வரைக்கும் வருவது புகையே இல்லை, நீராவிதான். உலர்த்தி வைத்ததை மறுபடி நனைக்கிற வேலை.

காயல்காரன்:
ஹூஸ்டனில் இருக்கிறேன். பன்றி எங்களுக்கு ஆகாது. மாட்டிறைச்சியில் இதையே செய்யலாமா, உறைக்கு என்ன செய்வது? கோழியில் செய்தால் சூடு மாறுமா?

ஆஸ்டின்காரர்:
தாராளமாகச் செய்யலாம் பாய். எல்கின் சாசேஜே மாட்டிறைச்சிதானே. தோள்பகுதி இறைச்சியோடு பிரிஸ்கெட்டின், அதாவது மார்புப்பகுதியின் கொழுப்பைச் சேர்த்து, மொத்தத்தில் கால் பங்கு கொழுப்பு வருகிற மாதிரி பாருங்கள். மாட்டுக்கொழுப்பு பன்றிக்கொழுப்பைவிடக் கெட்டி, உருகுவதற்குச் சூடு கூட வேண்டும், அதனால் புகை போடும்போது ஒழுகும் பயம் கொஞ்சம் குறைவு. ஆனால் ஆறியதும் மேலண்ணத்தில் படியும், ஆகவே சூடாகச் சாப்பிட வேண்டிய வகை. உறைக்கு ஆட்டுக்குடல் இருக்கிறது, மெல்லிசு, 22 முதல் 24 மில்லிமீட்டர் அகலம், விரல் பருமனுக்குச் சாசேஜ் வரும். ஹலால் கசாப்புக் கடையில் சொல்லிவைத்தால் வாங்கித் தருவார்கள். மாட்டுத் தோலிலிருந்து எடுக்கும் கொலாஜன் உறையும் கிடைக்கிறது, பாக்கெட்டில் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அரைத்த மாடு, பன்றி இரண்டுக்கும் உள்சூடு 71 டிகிரி வர வேண்டும், கோழிக்கு 74. இது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கு. கோழியில் தொடைக்கறியைத் தோலோடு அரையுங்கள். வெறும் நெஞ்சுக்கறி போட்டால் வறண்டு பொடிப்பொடியாக உதிரும்.

செட்டிநாட்டு_அடுப்பு:
எல்லாம் சரி, பிங்க் சால்ட் விஷயத்துக்கு இன்னும் யாரும் வரவில்லையே. எங்கள் வீட்டில் அப்பத்தா உப்புக்கண்டம் போட்டு மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். கல்லுப்பு, மஞ்சள், மிளகாய், வெயில், அவ்வளவுதான். பிங்க் சால்ட்டில் இருக்கும் நைட்ரைட் என்ற பேரையே கேட்டதில்லை. யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அப்படியிருக்க சாசேஜுக்கு மட்டும் ஏன் இந்த ரசாயனம்? போதாக்குறைக்கு, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2015இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் முதல் வகையில் சேர்த்தது. வீட்டில் செய்வதே அதைத் தவிர்க்கத்தானே?

ஆஸ்டின்காரர்:
நியாயமான கேள்வி அண்ணாச்சி, கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் விளையாடக் கூடாது.

உப்புக்கண்டத்துக்கும் சாசேஜுக்கும் பேர்தான் பதப்படுத்தல், உள்ளே நடப்பது நேர் எதிர். கண்டத்தில் கறியைச் சின்னத் துண்டாக வெட்டிக் கயிற்றில் கோர்த்து வெயிலில் காயவைக்கிறோம், நாலு பக்கமும் காற்றும் வெயிலும் படுகிறது, உப்பு தூக்கலாக இருக்கிறது, ஓரிரு நாளில் கறியில் இருக்கும் ஈரம் போய்விடுகிறது. கிருமி வளர ஈரமே இல்லை. சாசேஜில் கறியை அரைத்து, மேற்பரப்பில் இருந்த கிருமியை உள்ளே முழுக்கக் கலந்துவிட்டு, அதைக் காற்றுப் புகாத குடலில் அழுத்தி அடைத்து, ஈரம் குறையாமல், 54 டிகிரி பெட்டியில் மணிக்கணக்கில் தொங்கவிடுகிறோம். பெட்டி 54 என்றாலும் சாசேஜின் நடுப்பகுதி 20, 30, 40 என்று மெல்ல ஏறும். காற்றில்லாத இடத்தில், ஈரத்தில், அந்த வெதுவெதுப்பில் வளர்ந்து விஷம் கக்குவதற்கென்றே ஒரு கிருமி இருக்கிறது, கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். தென்மேற்கு ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க்கில் கெட்டுப்போன சாசேஜ் தின்று ஆட்கள் பார்வை மங்கி, விழுங்க முடியாமல், மூச்சு நின்று செத்துக்கொண்டிருந்தார்கள். யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் அதை ஒவ்வொரு நோயாளியாகக் குறித்துவைத்து 1820களில் புத்தகமாக எழுதினார். கிருமியைக் கண்டுபிடிக்க 1895 வரை ஆயிற்று, வான் எர்மெங்கம் என்ற பெல்ஜியக்காரர், பன்றித்தொடை தின்று நோய்ப்பட்டவர்களை ஆராய்ந்தபோது. இந்தக் கிருமியைக் கட்டிவைக்கத்தான் நைட்ரைட். நிறமும் அந்தத் தனிச்சுவையும் கூட வருவது லாபம்.

ஆகவே என் பதில்: குறைந்த சூட்டில் மெல்லப் புகைபோடுவதானால் கட்டாயம் வேண்டும், பேச்சே இல்லை. வேண்டாம் என்று நினைப்பவர்கள் எல்கின் வழிக்குப் போங்கள், 107 டிகிரியில் வைத்து சட்டென்று 71க்குக் கொண்டுவந்து அன்றே சாப்பிடுங்கள். கறி 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் நாலு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியை அந்த வழியில் சுலபமாகக் காப்பாற்றலாம். இரண்டையும் கலந்து, சூடும் குறைவு, நைட்ரைட்டும் இல்லை என்று மட்டும் செய்யாதீர்கள்.

புற்றுநோய் பற்றி நீங்கள் சொன்னது உண்மை, அதை மறுக்க மாட்டேன். அதனால் தினம் தின்னும் பண்டம் இல்லை இது, விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடையில் 'நைட்ரைட் சேர்க்காதது' என்று எழுதி விற்கிறார்களே, அதில் பெரும்பாலும் செலரிப் பொடி இருக்கும். அதிலும் இருப்பது அதே நைட்ரைட்தான், வந்த வழி வேறு.

பெரியகுளத்தான்:
அளவு எவ்வளவு அண்ணா? வீட்டில் பிங்க் சால்ட் ஒரு டப்பா இருக்கிறது, அதைப் போடலாம்தானே?

ஆஸ்டின்காரர்:
நில்லுங்கள்! அந்த டப்பாவில் இருப்பது இமயமலைப் பிங்க் சால்ட், அதாவது நம் இந்துப்பாக இருந்தால் அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்துப்பில் நைட்ரைட் கிடையாது, அதைப் போட்டுவிட்டுப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைத்தால் ஆபத்து. மாறாக, நைட்ரைட் கலந்த க்யூரிங் சால்ட்டை இந்துப்பு என்று நினைத்து ரசத்தில் போட்டால் அது விஷம். க்யூரிங் சால்ட்டுக்குச் செயற்கையாக நிறம் போடுவதே சாப்பாட்டு உப்போடு யாரும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றுதான். தனி டப்பாவில் போட்டு, பெரிசாகப் பேர் எழுதி, அஞ்சறைப்பெட்டிப் பக்கமே போகாத உயரத்தில் வையுங்கள்.

வாங்க வேண்டியது க்யூர் நம்பர் 1. அதில் நைட்ரைட் 6.25 சதவீதம், மீதி சாதா உப்பு. நம்பர் 2இல் நைட்ரேட்டும் இருக்கும், அது வாரக்கணக்கில் காயவைக்கும் சலாமிக்கு, நமக்கு வேண்டாம். அளவு, கறியும் கொழுப்பும் சேர்ந்து கிலோவுக்கு 2.5 கிராம். கணக்குப் போட்டால் கிலோவுக்கு 156 மில்லிகிராம் நைட்ரைட் வரும், அரைத்த இறைச்சிக்கு அமெரிக்கச் சட்டம் வைத்த உச்சவரம்பும் அதுதான். கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் சின்னத் தராசு வாங்குங்கள், இந்த ஒரு பொருளில் கண்ணளவு கைப்பக்குவம் எதுவும் கூடாது.

வடலி:
முழு அளவையும் எழுதி விடுங்கோ அண்ணை, ஒரே இடத்தில் இருக்கட்டும்.

ஆஸ்டின்காரர்:
ஒரு கிலோவுக்குச் சொல்கிறேன். பன்றித் தோளில் கொழுப்பு கால் பங்கு அளவில் தானாகவே இருக்கும், மெலிந்திருந்தால் முதுகுக் கொழுப்பு சேர்த்துக்கொள்ளுங்கள். சாதா உப்பு 15 கிராம், க்யூர் 2.5 கிராம், கொழுப்பு நீக்கிய பால்பொடி 30 கிராம், நுணுக்கிய மிளகு 4 கிராம், பூண்டு உங்கள் மனம்போல, மார்ஜோரம் என்ற உலர்ந்த வாசனை இலை ஒரு தேக்கரண்டி. க்யூரைக் கறிமேல் தூவாமல் முக்கால் டம்ளர் ஐஸ் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் எல்லாப் பக்கமும் சீராகப் போகும்.

கறியும் கொழுப்பும் பாதி உறைந்திருக்கும்போது அரைக்க வேண்டும், அரவை இயந்திரத்தின் பாகங்களையும் ஃப்ரீசரில் போட்டு எடுங்கள். அரைத்ததைக் குளிரக் குளிரப் பிசைய வேண்டும், விரல் மரத்துப்போகும், விட்டுவிடாதீர்கள். அதிரச மாவு பதத்தில் இழுபட்டு, உள்ளங்கையைக் கவிழ்த்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். உப்பு கறியிலிருந்து புரதத்தை வெளியே இழுத்து, அந்தப் பசைதான் கொழுப்பையும் தண்ணீரையும் பிடித்துவைக்கிறது. அது வரவில்லையென்றால் ஸ்மோக்கரில் சூடு சரியாக இருந்தும் கொழுப்பு பிரியும்.

உப்பில் போட்டு வரும் பன்றிக்குடலை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, குழாயில் மாட்டி உள்ளே தண்ணீர் ஓடவிட்டுக் கழுவுங்கள். அடைத்தபின் காற்றுக் குமிழி தெரிந்தால் ஊசியால் குத்திவிடுங்கள். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் ஸ்மோக்கர்.

54இல் ஒரு மணி நேரம் உலர்த்தல், புகை இல்லாமல். அப்புறம் 60இலிருந்து 65க்கு ஏற்றி, பெல்லட் குழாயைப் பற்றவைத்து ரெண்டு மணி நேரம் புகை. ஹிக்கரி என்றால் வாசனை தூக்கலாக வரும், ஆப்பிள் மரம் சாது. எனக்குப் பிடித்தது பீக்கான், சாசேஜுக்கு மெஸ்கீட் மட்டும் போடவே மாட்டேன், கசப்புத் தட்டும். அதன்பின் பெட்டியின் சூடு 71, கடைசியில் 77, சாசேஜின் உள்சூடு 71 வரும் வரை. சாசேஜ் ஒன்றோடொன்று உரசாமல் தொங்க வேண்டும், உரசிய இடம் வெளிறிப்போய் நிற்கும். சுருளுக்கு நேர் மேலே இருப்பது சீக்கிரம் சூடாகும், இடம் மாற்றிவிடுங்கள். கதவில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், நிஜ சூட்டிலிருந்து நன்றாகவே விலகியிருக்கலாம், தனித் தெர்மாமீட்டர் ஒன்றைப் பெட்டிக்குள்ளும் இன்னொன்றைச் சாசேஜுக்குள்ளும் வையுங்கள்.

காயல்காரன்:
உள்சூடு 62 வந்ததும் அங்கேயே நின்றுவிடுகிறது, ரெண்டு மணி நேரமாக அசையவில்லை. 90க்கு ஏற்றிவிடலாமா?

ஆஸ்டின்காரர்:
ஏற்றாதீர்கள்! வியர்வை காயும்போது உடம்பு குளிர்வதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான், ஈரம் ஆவியாகிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அந்த இடத்தில் பொறுமை இழந்து 90க்குப் போனால் அரை மணி நேரத்தில் தட்டில் கொழுப்பு குளமாக நிற்கும், சாசேஜ் உள்ளே பஞ்சாகிவிடும். புகை தேவையான அளவு பிடித்துவிட்டது என்றால் வெளியே எடுத்து, பெரிய பாத்திரத்தில் தண்ணீரை 75 டிகிரிக்குக் காயவைத்து அதில் இறக்கிவிடுங்கள். கொதிக்கக் கூடாது, ஓரத்தில் சின்னக் குமிழ்கூட வரக் கூடாது. கால் மணி, இருபது நிமிடத்தில் 71 வந்துவிடும். புகை கழுவிப்போகாது, பயப்பட வேண்டாம்.

செட்டிநாட்டு_அடுப்பு:
விளக்கத்துக்கு நன்றி. கண்டத்தோடு ஒப்பிட்டதை இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன். ஒரு சந்தேகம், என் மைத்துனர் செய்தது இறக்கும்போது பளபளவென்று இருந்தது, ஆறியதும் கிழவி கன்னமாகச் சுருங்கிவிட்டது. நிறமும் மங்கல்.

ஆஸ்டின்காரர்:
இறக்கிய உடனே ஐஸ் தண்ணீரில் போட வேண்டும். அப்படியே காற்றில் ஆறவிட்டால் உள்ளே சூடு வெகுநேரம் நின்று ஈரம் போய்க்கொண்டே இருக்கும், கறி சுருங்கும், தோல் கூடவே சுருங்காமல் மடிந்துவிடும். உள்சூடு 45 டிகிரிக்குக் கீழே வந்ததும் எடுத்துத் துடைத்து, அறையில் ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். கண்முன்னே நிறம் மாறும், மங்கலாக இருந்தது செம்பழுப்பாக ஏறும். பிறகு மூடாமல் ராத்திரி ஃப்ரிட்ஜில். அன்றே கடித்தால் புகை நெடி முன்னே நிற்கும், மறுநாள்தான் உள்ளே இறங்கிச் சமமாகும்.

உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேகவில்லை என்று நினைக்காதீர்கள், அது க்யூரின் நிறம். தெர்மாமீட்டர் சொல்வதுதான் கணக்கு.

வடலி:
அடுக்குமாடி பால்கனியில் வைக்கலாமோ? நீட்டு ஒயர் போட்டால் பெட்டி நின்று நின்று போகுது.

ஆஸ்டின்காரர்:
பால்கனிக்குக் கட்டட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், நிறைய இடத்தில் விடமாட்டார்கள். ஒயர் மெல்லிசாகவும் நீளமாகவும் இருந்தால் மின்சாரம் வழியிலேயே குறைந்துபோகும், ஒயரும் சூடாகும். முடிந்தவரை நேராகச் சுவரில் செருகுங்கள், இல்லையென்றால் வெளியிடத்துக்கென்று விற்கும் தடித்த, குட்டை ஒயர். மழையில், பனியில் வேண்டவே வேண்டாம்.

பெரியகுளத்தான்:
சனிக்கிழமையே ஆரம்பிக்கிறேன், க்யூர் நம்பர் 1 ஆர்டர் போட்டாச்சு, வெள்ளிக்கிழமை வந்துவிடும். கடைசியாக ஒன்று, நாலு கிலோ ஒரே தடவை செய்தால் எவ்வளவு நாள் வைக்கலாம்?

ஆஸ்டின்காரர்:
ஃப்ரிட்ஜில் ஒரு வாரம். காற்றை உறிஞ்சி எடுத்த பையில் ஃப்ரீசரில் வைத்தால் ரெண்டு மாதம் வரை சுவை குறையாது. புகைபோட்டதாயிற்றே என்று வெளியே மட்டும் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் அப்படியே இருக்கிறது. எடுக்கும்போது முதல் நாளே ஃப்ரிட்ஜில் இறக்கி இளகவிட்டு, தோசைக்கல்லில் ரெண்டு கரண்டி தண்ணீர் தெளித்து மூடிச் சூடுபடுத்துங்கள், தண்ணீர் வற்றியதும் அதன் கொழுப்பிலேயே புரட்டி எடுத்தால் தோல் மொறுமொறுவென்று வரும். நாலு கிலோவுக்கு க்யூர் பத்து கிராம், தராசை மறக்காதீர்கள்.